அடைப்பான் நோயும் செத்த மாடு தூக்கும் கைகளும்

என் அப்பாவின் இடது முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வடு இருந்தது. நடுவில் பள்ளம், சுற்றிலும் தோல் சுருங்கிப் போயிருக்கும். சின்ன வயதில் அது என்ன என்று கேட்டால் “மாட்டுப் புண்ணுடா” என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. எங்கள் சேரியில் அவர் வயதையொத்த இன்னும் இரண்டு மூன்று பேருக்குக் கையிலோ கழுத்திலோ அதே மாதிரி வடு உண்டு. மரம் ஏறுகிறவர் மார்பில் காய்ப்பு இருப்பதுபோல, செத்த மாடு தூக்குகிறவருக்கு இது இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்கள் ஊர் வட ஆற்காட்டில் இருக்கிறது. ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டு மாடு, முந்தின நாள் சாயங்காலம் வரை நன்றாக மேய்ந்தது, விடிந்தபோது கொட்டகையில் செத்துக் கிடந்தது. அந்த வீட்டுப் பையன் சேரி முனையில் நின்றபடி, தன்னைவிட இருபது வயது மூத்த என் அப்பாவைப் பெயர் சொல்லி, “டேய், மாடு செத்துக் கெடக்குது, ஆளுங்களக் கூட்டிக்கினு வந்து இழுத்துப் போடு” என்று கத்தினான். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள். மாட்டின் மூக்கிலும் வாயிலும் பின்புறத்திலும் கருஞ்சிவப்பாக ரத்தம் வடிந்து, உறையாமல் இருந்ததை அப்பா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏரிக்கரைக்கு இழுத்துப் போய் உரித்தார்கள். தோல் மண்டிக்குப் போனது. கறி சேரிக்கு வந்தது.

மூன்று நாள் கழித்து அப்பாவின் கையில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. நமைச்சல். பிறகு கொப்புளம். அது உடைந்து, நடுவில் கரி அப்பினாற்போலக் கறுத்த பொருக்கு. கை தோள்வரை வீங்கியது. ஆனால் புண்ணில் வலி இல்லை. அரசு மருத்துவமனையில் பென்சிலின் ஊசி போட்டார்கள். பிழைத்தார். சித்தப்பா பிழைக்கவில்லை. அவருக்குக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, பிறகு வலிப்பு. இரண்டாவது நாள் இறந்துபோனார். ஏரிக்கரையில் காத்து அடித்துவிட்டது என்றார்கள். அப்பாவின் மருத்துவமனைச் சீட்டில் ‘புண்’ என்று எழுதியிருந்தது. சித்தப்பாவுக்குச் சீட்டே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, கால்நடை மருத்துவரான ஒரு தோழரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். உறையாத ரத்தம், வலிக்காத கறுத்த புண், வலிப்பு என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. “அது அடைப்பான் தோழர்” என்றார். சோதித்துப் பார்க்காத ஒன்றை இன்று நான் மெய்ப்பிக்க முடியாது. ரத்தம் எடுக்கப்படவில்லை, எதுவும் எழுதப்படவில்லை, இருவரும் இன்று இல்லை. எந்தச் சான்றும் இல்லாமல் போனது எப்படி என்பதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ் எனப்படும் நோயைத்தான் நம் உழவர்கள் அடைப்பான் என்கிறார்கள். தொண்டை அடைப்பான் என்பது வேறு; அது மனிதர்களைத் தாக்குவதில்லை. ஆந்த்ராக்ஸ் என்ற சொல் கிரேக்க மொழியில் கரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அப்பாவின் கையில் இருந்த அந்தக் கறுத்த பொருக்கிற்குத்தான் அந்தப் பெயர். பாசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்ற நுண்ணுயிரியால் வருவது. ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரி ஒரு குறிப்பிட்ட நோயை உண்டாக்குகிறது என்று முதன்முதலில் நிறுவப்பட்டது இந்த நோயை வைத்துத்தான். 1876-இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் அதைச் செய்தார். 1881-இல் பிரான்சில் லூயி பாஸ்டர் ஊரறிய ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டியதும் இந்த நோய்க்குத்தான். அதாவது, நவீன மருத்துவம் மிக நீண்ட காலமாக நன்றாக அறிந்து வைத்திருக்கும் நோய்களில் இதுவும் ஒன்று.

மாடு, ஆடு, மான், யானை போன்ற மேய்ச்சல் விலங்குகளுக்குத்தான் இது முதலில் வருகிறது. மண்ணில் கிடக்கும் நோய் வித்துக்களை அவை புல்லோடு சேர்த்து மேய்ந்துவிடுகின்றன. வறண்ட காலத்தில் புல் கட்டையாகி, வேரோடும் மண்ணோடும் கடிக்கும்போது ஆபத்து அதிகம். பல சமயம் நோய் தெரிவதற்கு முன்பே விலங்கு விழுந்து சாகிறது. உடல் சீக்கிரம் ஊதிவிடும், விறைக்காது, துவாரங்களில் ரத்தம் கசியும். மனிதருக்கு வரும்போது பெரும்பாலும் தோலில் வருகிறது. கையில் உள்ள ஒரு சின்னக் கீறல் போதும். மருந்து கொடுத்தால் தோல் நோயில் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைப்பார்கள். கொடுக்காவிட்டால் பத்தில் ஒருவரோ இருவரோ சாவார்கள். கிருமி ரத்தத்தில் ஏறி மூளையுறையைத் தாக்கினால் பிழைப்பது மிக அரிது. மருந்தோ விலை மலிந்த பழைய மருந்து: பென்சிலின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது இல்லை என்றே சொல்லலாம். செத்த விலங்கைத் தொடுகிறவருக்குத்தான் வருகிறது.

இங்கே ஒரு செய்தியை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். அடைப்பானில் செத்த விலங்கை அறுக்கவே கூடாது. கால்நடை மருத்துவருக்கும் அதுதான் விதி. சந்தேகம் வந்தால் உடற்கூறாய்வு செய்யாமல், காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். காரணம் எளிது. மூடிய உடலுக்குள் இருக்கும் கிருமி, உடல் அழுகும்போது சில நாட்களில் தானும் அழிந்துவிடும். கத்தி பட்டு, ரத்தம் வெளியே வந்து, காற்று பட்டவுடன் அந்தக் கிருமி கெட்டியான வித்தாக மாறிக்கொள்கிறது. அந்த வித்துக்கு வெயில் பெரிதில்லை, மழை பெரிதில்லை. பிரிட்டிஷ் ராணுவம் 1942-இல் ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் செம்மறியாடுகளை வைத்து இந்தக் கிருமியைச் சோதித்தது. அந்தத் தீவில் கால் வைக்கலாம் என்று அறிவிக்க 1990 ஆயிற்று. அதற்கும் தீவு முழுவதும் ஃபார்மால்டிஹைடு கரைசலை ஊற்ற வேண்டியிருந்தது.

மருத்துவம் ‘அறுக்காதே’ என்று சொல்லும் அந்த உடலை அறுப்பதற்கென்றே சாதி சில மக்களைப் பிறப்பால் ஒதுக்கி வைத்திருக்கிறது. கையுறை இல்லை, செருப்பு இல்லை, மாடு எப்படிச் செத்தது என்று கேட்கும் உரிமையும் இல்லை. மாட்டுக்காரருக்கு அது தீட்டு. தொடமாட்டார், பார்க்கவும் மாட்டார். கொட்டகையைச் சாணம் போட்டு மெழுகினால் அவர் வரைக்கும் தீட்டு தீர்ந்தது. தீட்டு என்ற கருத்துக்கு ஏதோ சுகாதாரக் காரணம் இருந்திருக்கும் என்று இன்றும் சில படித்தவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சுகாதாரம்தான் நோக்கம் என்றால் செத்த மாடு ஆழக் குழி வெட்டிப் புதைக்கப்பட்டிருக்கும். அது அடுத்த மனிதரின் கைக்கும் வயிற்றுக்கும் அனுப்பப்பட்டிருக்காது. தீட்டு நோயைத் தடுக்கவில்லை; நோய் யாருக்கு வர வேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

இந்த நோயைப் பற்றி மருத்துவ நூல்களைப் புரட்டினால் ‘அரிதான, கடுமையான நோய்’ என்று இருக்கும். கடுமையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரிதானது என்பதைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. ஒரு நோய் அரிதா இல்லையா என்பது, அது வருகிறவர்கள் எண்ணப்படுகிறார்களா என்பதைப் பொறுத்தது. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் பழங்குடி மக்களிடையே இது திரும்பத் திரும்ப வருகிறது. வேலூரைச் சுற்றிய எங்கள் பகுதியும் மருத்துவ இதழ்களில் இந்த நோய்க்காகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அவை பெரிய மருத்துவமனை வாசலை மிதித்தவர்களின் கணக்கு. என் சித்தப்பா போல, ஏரிக்கரையில் காத்து அடித்துச் செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? ‘என்ன வேலை செய்கிறாய்’ என்ற ஒரே கேள்வியை அன்று அப்பாவிடம் கேட்டிருந்தால் நோயின் பெயர் தெரிந்திருக்கும். கறி தின்ற மற்றவர்களுக்கும் மருந்து கிடைத்திருக்கும். சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

இதே நோய் வேறு நாடுகளில் வேறு மனிதர்களுக்கு வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரக் கம்பளி ஆலைகளில், வெளிநாட்டிலிருந்து வந்த ரோமத்தைத் தரம் பிரித்த தொழிலாளர்கள் மூச்சடைத்துச் செத்தார்கள். ‘கம்பளி பிரிப்பவர் நோய்’ என்று அதற்குப் பெயரே வந்தது. ஜான் ஹென்றி பெல் என்ற உள்ளூர் மருத்துவர் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது அடைப்பான்தான் என்று காட்டினார். சாவு விசாரணைகள் நடந்தன, ஆலைகளுக்கு விதிகள் வந்தன, ஆய்வு வாரியம் வந்தது, 1919-இல் அடைப்பான் தடுப்புச் சட்டமே வந்தது. முதலாளிகள் மனமுவந்து தந்ததில்லை, தொழிலாளர்கள் செத்துச் செத்துப் பெற்றது. ஆனாலும் அங்கே கேள்வி கேட்க ஒரு முதலாளி இருந்தார், ஆலை இருந்தது, கூலிப் பதிவேடு இருந்தது.

இந்தியச் சட்டத்துக்கும் இந்த நோய் புதிதில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே அடைப்பான் இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆக, தோல் பதனிடும் ஆலைக்குள் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் அது தொழில்நோய். அந்தத் தோலை ஏரிக்கரையில் உரித்துக் கொடுத்தவருக்கு வந்தால் அது வெறும் புண். ஏன்? அவருக்கு முதலாளி கிடையாது. கூலி கிடையாது. தோலும் கறியும்தான் கூலி என்று வழக்கம் சொல்லிவிட்டது. அண்ணல் அம்பேத்கர் சாதியை உழைப்பின் பிரிவினை அல்ல, உழைப்பாளர்களின் பிரிவினை என்று விளக்கினார். அதன் ஒரு விளைவை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஊர் முழுவதும் வேலை வாங்கும், ஊரில் ஒருவரும் முதலாளி ஆகமாட்டார். பொறுப்பு என்று வரும்போது கைகாட்ட ஆளே இருக்காது.

அமெரிக்காவில் 2001-இல் யாரோ இந்தக் கிருமியின் வித்துக்களைக் கடிதங்களில் வைத்து அனுப்பினார்கள். 22 பேர் நோயுற்றார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். உலகமே அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டது. அந்த நிகழ்விலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அக்டோபர் 15 அன்று வாஷிங்டனில் ஒரு செனட் உறுப்பினரின் அலுவலகத்தில் அத்தகைய கடிதம் பிரிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களுக்கு உடனே சோதனை, உடனே மாத்திரை, கட்டடம் மூடல். அதே கடிதம் கடந்து வந்த பிரெண்ட்வுட் அஞ்சல் பிரிப்பு மையம் அக்டோபர் 21 வரை திறந்தே இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களில் இருவர் இறந்தார்கள். கிருமிக்கு நிறம் தெரியாது, சாதி தெரியாது. மாத்திரை யாரிடம் முதலில் போகிறது என்பதில் இரண்டும் இருக்கின்றன.

சரி, இங்கே அரசு ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. நோய் வெளியே தெரிந்தால் விழிப்புணர்வுப் பரப்புரை நடக்கும். ‘செத்த மாட்டின் கறியைத் தின்னாதீர்கள், தோலை உரிக்காதீர்கள்’ என்று துண்டறிக்கை வரும். மருத்துவ நோக்கில் அதில் ஒரு எழுத்தும் தவறில்லை. நானும் அதையே கைகூப்பிச் சொல்கிறேன்: நோயில் செத்த மாட்டைத் தின்னாதீர்கள், வேக வைத்தாலும் வேண்டாம், அறுக்கும்போதே ஆபத்து வந்துவிடும். ஆனால் அந்தத் துண்டறிக்கை எந்தத் தெருவில் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். சேரியில் கொடுக்கப்படுகிறது. ‘செத்த மாட்டை எடுத்துப் போட ஆள் கூப்பிடாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்’ என்று ஊர்த்தெருவில் கொடுக்கும் துண்டறிக்கையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏவுகிறவருக்கு அறிவுரை இல்லை, ஏவப்படுகிறவருக்குத்தான் அறிவுரை. நோய் வந்தால் பழியும் அவர் தலையில்: கண்டதைத் தின்றார், அதனால் வந்தது.

கறியைப் பற்றியும் தெளிவாகப் பேசிவிடலாம். மாட்டுக்கறி தின்பது நம் உணவு உரிமை. நலமான மாட்டை, மருத்துவர் பார்த்து முத்திரை குத்திய பிறகு, முறையான இறைச்சிக் கூடத்தில் அறுத்துத் தின்பதால் இந்த நோய் வராது. நோயைத் தடுக்கும் வழியே அதுதான். ஆனால் நாட்டின் பல மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டங்கள் அந்த வழியை அடைக்கின்றன. விற்க முடியாத மாடு கட்டுத்தறியிலோ தெருவிலோ செத்து விழுகிறது. உயிரோடு இருக்கும்வரை அதைத் தாய் என்கிறவர்கள், செத்த பிறகு நம்மைக் கூப்பிடுகிறார்கள். போனால் அடிக்கவும் செய்கிறார்கள். 2002 அக்டோபர் 15 அன்று ஹரியானாவின் ஜஜ்ஜார் மாவட்டம் துலினாவில், தோலோடு போன ஐந்து தலித்துகள் காவல் சாவடியை ஒட்டியே அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனாவில், செத்த பசுவை உரித்ததற்காக தலித் இளைஞர்களைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். தூக்காவிட்டாலும் அடி, தூக்கினாலும் அடி.

ஊனாவுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செய்ததை மறக்கக் கூடாது. செத்த மாடுகளை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். இனித் தொடமாட்டோம், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்றார்கள். அவர்களுக்கு முன்பே, 1927-இல் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் கறியைக் கைவிடுங்கள் என்று அம்பேத்கர் அறைகூவல் விடுத்தார். செத்த மாட்டை எடுப்பதை விட்டால் தோல், கொம்பு, எலும்பு விற்று வரும் வருமானம் போய்விடுமே என்று நம்மீது திடீர்க் கரிசனம் காட்டியவர்களும் அப்போது இருந்தார்கள். அந்த வருமானத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன் என்ற பொருளில் தான் பதில் சொன்னதை, 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரியில் ஆற்றிய உரையில் அவர் நினைவுகூர்ந்தார். மானத்துக்காகச் சொன்ன சொல் அது. உயிரைக் காக்கும் சொல்லாகவும் இருந்தது என்பதை இந்த நோயைப் படித்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

மறுப்பதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வேலை போகும், கடன் கிடைக்காது, களத்தில் நெல் கிடைக்காது. எங்கள் சேரியில் இளைஞர்கள் இனிப் போகமாட்டோம் என்று நின்றபோது, மூன்று மாதம் ஊர்க் கிணற்றுப் பக்கமும் கழனிப் பக்கமும் யாரையும் விடவில்லை. முதலில் தளர்ந்தவர் என் அப்பாதான். வீட்டில் ஐந்து வயிறு. அவரைக் குறை சொல்லும் உரிமை அந்தச் சோற்றைத் தின்று படித்த எனக்கு இல்லை. ஆகவே மறுப்பு என்பதைத் தனி மனிதரின் துணிச்சலுக்கு விட்டுவிட முடியாது. அதைச் சட்டமும் அரசும் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவரைச் செத்த விலங்கை அகற்றவோ தோலுரிக்கவோ கட்டாயப்படுத்துவது குற்றம் என்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ விலங்கின் சடலத்தைச் சுமக்கவோ அகற்றவோ வைப்பதை 3(1)(i) பிரிவின் கீழ் வன்கொடுமை என்றே சொல்கிறது. விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான 2009-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் அட்டவணையிலும் அடைப்பான் இருக்கிறது. நோய் என்று சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டிய கடமையை அது மாட்டின் உரிமையாளர் மீது வைக்கிறது. சேரி முனையில் நின்று ‘டேய்’ என்று கத்திய அந்தப் பையன் இன்று அதைச் செய்தால் இரண்டு மூன்று சட்டங்களை ஒரே மூச்சில் மீறியவன் ஆவான். ஆனால் இந்தப் பிரிவில் ஒரு வழக்காவது போட்டீர்களா என்று உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மருந்து இல்லாத நோய் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இதற்குத் தடுப்பூசியும் நம் வாசலிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாட்டுக்குப் போட வேண்டிய அடைப்பான் வித்துத் தடுப்பூசியை, 1932-இல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். தடுப்பூசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யாவின் யமால் பகுதி சான்று. அங்கே 2007-இல் கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தினார்கள். 2016 கோடையில் கடும் வெப்பத்தில் உறைமண் இளகி நோய் கிளம்பியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன, மேய்ச்சல் குடும்பத்துச் சிறுவன் ஒருவனும் செத்தான். மாட்டைக் காப்பாற்றினால்தான் மனிதரைக் காப்பாற்ற முடியும். இந்த நோயில் இரண்டும் ஒரே வேலை.

ஆகவே சில கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன். செத்த விலங்கை அகற்றுவது ஊராட்சியின் வேலை என்று அறிவிக்கட்டும். அதற்கு இயந்திரம், கையுறை, காலணி, ஆழக் குழி, அதைச் செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும். அந்த ஆட்கள் எல்லாச் சாதியிலிருந்தும் வர வேண்டும். ‘தூய்மைக் காவலர்’ என்று பெயரை மட்டும் மாற்றி, அதே சேரியிலிருந்து அதே பெண்ணையும் அதே ஆணையும் அனுப்பும் ஏமாற்று வேண்டாம். நோய் வந்த பகுதிகளில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடும்போது ஊர்த்தெரு மாடு, சேரி மாடு என்று பாராமல் போடப்படட்டும். அடைப்பானில் மாடு செத்தால் உரியவருக்கு உடனே இழப்பீடு கொடுக்கட்டும். கடன் வாங்கி ஒற்றை மாடு வைத்திருக்கும் நம் பெண்கள், போன மாட்டுக்குத் தோலாவது மிஞ்சட்டும் என்று நினைப்பதைத் துண்டறிக்கையால் தடுக்க முடியாது, பணத்தால் தடுக்கலாம்.

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வலியில்லாத கறுத்த புண்ணோடு ஒருவர் வந்தால், அண்மையில் செத்த விலங்கைத் தொட்டீர்களா என்று மருத்துவர் கேட்கட்டும். கேட்கும் குரலில் ஏளனம் இருந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், மரியாதையோடு கேட்கட்டும். முதலாளி இல்லாத காரணத்தால் இழப்பீடு இல்லை என்ற நிலை மாறட்டும். ஒரு ஊரே வேலை வாங்கியது என்றால், அந்த ஊரை ஆளும் அரசு முதலாளியாக நின்று பதில் சொல்லட்டும்.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். நம் ஊர்களில் பெரும்பாலும் இந்த வேலை நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். நிறைய இடங்களில் நின்றிருக்கிறது. அது நம் பெற்றோரும் இயக்கங்களும் போராடிப் பெற்றது. நிற்காத இடங்களும் இருக்கின்றன. இரவில் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள், ஒரு புட்டி சாராயமும் ஐந்நூறு ரூபாயும் கொடுக்கிறார்கள், காலையில் யாருக்கும் தெரியாது. உங்கள் பகுதியில் அப்படி ஒரு மாடு செத்தால், ரத்தம் வடிந்து ஊதிக் கிடந்தால், தொடாதீர்கள், தொட விடாதீர்கள். கால்நடைத் துறையின் 1962 எண்ணுக்குப் பேசுங்கள். தொட்டவர் இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அவர் என்ன வேலை செய்தார் என்பதை நீங்களே மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

என் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், இந்த நோயின் கணக்கில் ஒன்று கூடியிருக்கும். அவரோடு சேர்ந்து அந்த மாட்டை உரித்த இன்னும் இரண்டு பேரை யாராவது தேடிப் போயிருப்பார்கள். அந்த ஏரிக்கரையில் இன்றும் மாடுகள் மேய்கின்றன.